குல்லாவின் மஞ்சள் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லா பின்னி விற்கிறேன். மஞ்சள் தூளில் சாயமேற்றினால் வெயிலில் வெளுத்துவிடுகிறது. சாயம் நிற்பதற்கு ஆரஞ்சு நிற உப்பு ஒன்றைத் தரகர் தருகிறார். வாங்கலாமா? – குடியாத்தம் வாசகி

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. அது அநேகமாக பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு. ஒரு காலத்தில் கம்பளிக்குச் சாயம் நிறுத்தப் போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் பெயர்கூட ஒட்டாத பொட்டலத்தில் இது ஒரு வீட்டு அடுப்பங்கரை வரை வருகிறதென்றால், கண்காணிக்க வேண்டியவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

வெளுப்பது உங்கள் கைக்குறை அல்ல. மஞ்சள் வெயில் தாங்காத சாயம். செண்டுமல்லிக்கு மாறுங்கள். 100 கிராம் நூலுக்கு 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நனைத்த நூலைப் போட்டு, கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் சூட்டில் வையுங்கள். அப்புறம் பூவிதழை வேகவைத்து வடித்த சாற்றில் இன்னொரு மணி நேரம். பூ தாராளமாக இருக்கட்டும். சூடான நூலைப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் சுருங்கித் திரண்டுவிடும், பாத்திரத்திலேயே ஆறட்டும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது.

அதற்கு முன்னால், உங்கள் நூல் கம்பளிதானா? கடையில் ‘உல்லன்’ என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு துண்டைக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும், விரலில் பொடியும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியாக உருண்டால் அக்ரிலிக். அதில் பூச்சாயம் பிடிக்காது.

படிகாரம் இல்லாமலே பிடிப்பது கடுக்காய். இதை நீட்டிச் சொல்லக் காரணம், ஜவ்வாது மலைக் கடுக்காய் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குரோமியம் வருவதற்கு முன் நம் தோல் மண்டிகள் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான் தோல் பதனிட்டன. தோலைப் போலக் கம்பளியும் புரதம். தோலைப் பிடித்த அதே துவர்ப்பு கம்பளியையும் பிடித்துக்கொள்ளும். மங்கலான மஞ்சள் வரும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் 100 கிராம் நூலுக்கு 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) போதும். கூடினால் நூல் இற்றுப்போகும். கடுக்காயை முழுசாக வாங்கி, கொட்டை நீக்கி நீங்களே இடியுங்கள்.

‘ஆர்கானிக் சாயப்பொடி’ என்று யாராவது நீட்டினால், ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். சிவப்பு, நீலம் என்று புள்ளி புள்ளியாகப் பிரிந்து ஓடினால் அது ரசாயனக் கலவை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாயமேற்றிய நூலை மென்மையான சோப்பில், தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே பின்னுங்கள். குழந்தைகள் குல்லாவை வாயில் வைப்பார்கள்.