நான்கு மாதக் கைக்குழந்தையுடன் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குத் தனியாக விமானத்தில் வர முடியுமா?

முடியும். நான் வந்திருக்கிறேன். அப்போது என் மகனுக்கு நான்கு மாதம் முடிந்து ஆறு நாள். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஜனவரிக் குளிரில் சிகாகோவில் ஏறி, கத்தாரின் தோகாவில் மாறி, சென்னையில் இறங்கினோம். நானும் அவனும் மட்டும்.

குழந்தை அழுதால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருடைய பயமும். நானும் ஒரு மாதம் அதையே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, தனியாக வரும் தாய்க்கு இரண்டே கைகள் இருப்பதுதான் பெரிய சிக்கல் என்று. சாப்பிட, கழிவறைக்குப் போக, பாஸ்போர்ட்டை எடுத்து நீட்ட, எல்லாவற்றுக்கும் ஒரு கை வேண்டும். அதை மனத்தில் வைத்தே மூட்டை கட்டுங்கள்.

உங்கள் குழந்தைக்குத் தலை நன்றாக நின்றுவிட்டதென்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை ஒன்று வாங்குங்கள். நான் செய்த தவறு, தள்ளுவண்டியைச் சிகாகோவிலேயே பெட்டிகளோடு அனுப்பிவிட்டது. அது நேரே சென்னைக்குப் போய்விட்டது. தோகாவில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடக்க வேண்டியிருந்தபோது அந்தத் துணிப்பைதான் என்னைக் காப்பாற்றியது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் அதை அவிழ்த்துவிட்டு, உங்கள் சீட் பெல்ட்டில் கோக்கும் குட்டி பெல்ட்டைப் பல விமானங்களில் குழந்தைக்குப் போடச் சொல்வார்கள்.

டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசித் தொட்டில் இருக்கை கேளுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் உண்டு. வெளிநாட்டுப் பயணங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதை எடுத்தால் தொட்டிலும் கூடவே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள சில இருக்கைகளில்தான் அதை மாட்ட முடியும். முன்னால் இருக்கை கிடையாது என்பதால் கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள், மேலே ஏற்றிவிடுவார்கள். அவசரத்துக்கு வேண்டியதை ஒரு சின்னப் பையில் தனியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கியாக வேண்டும். எனக்கு நான்கு முறை அப்படி நேர்ந்தது. பணத்துக்குச் சிரமம் இல்லையென்றால் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு ஏற்ற கார் சீட்டில் கட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

இப்போது காது. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. இறங்க இறங்க அது கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைக்கு மிகக் குறுகியது. விழுங்கும்போதுதான் அது திறந்து அழுத்தம் சமமாகும். என் அம்மா காதில் பஞ்சு வைக்கச் சொன்னார். வலி செவிப்பறைக்கு உள்ளே இருப்பதால் பஞ்சால் பயனில்லை. அவன் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோகாவில் நான் கோட்டைவிட்டேன். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்கவைத்திருந்தேன். விமானம் தாழத் தொடங்கியதும் வீறிட்டு எழுந்தான். முகம் சிவந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். பசி இல்லாததால் மார்பில் வாய் வைக்கவே இல்லை. அந்த இருபது நிமிடம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. சென்னைக்கு வரும்போது, கொஞ்சம் சிணுங்கினாலும் பரவாயில்லை என்று பாலைத் தள்ளிப்போட்டேன். இறங்கத் தொடங்குவதாக அறிவித்தவுடன் கொடுத்தேன். சக்கரம் தரையைத் தொடும் வரை குடித்துக்கொண்டே வந்தான்.

சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் பரபரப்பைத் தரும். இந்த வயதில் மூச்சையும் பாதிக்கக்கூடும்.

டயப்பர் மாற்றுவதற்கு ஒரு யோசனை. ஒரு டயப்பர், கொஞ்சம் ஈரத்துணி, ஒரு மாற்றுச் சட்டை, அழுக்கைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. இவற்றை ஒரே கட்டாகக் கட்டி, அப்படிப் பத்துக் கட்டுகள் வைத்திருந்தேன். கழிவறையில் குழந்தையைப் படுக்கவைக்கும் மடக்குப் பலகை எல்லா அறையிலும் இருக்காது. எதில் இருக்கிறது என்று விமானப் பணியாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது.

குழந்தை அங்கே பிறந்திருந்தால் அதற்கென்று தனிப் பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பிக்கப் பொதுவாகப் பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். பிறகு இந்திய விசா அல்லது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது). நாள் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். கணவரிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்றும் நோட்டரி கையொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்கும் புட்டிப்பாலுக்கும் அமெரிக்கச் சோதனையில் 100 மில்லி வரம்பு கிடையாது. ஆனால் கையில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். பக்கத்து இருக்கையில் ஈரோட்டுப் பாட்டி ஒருவர் இருந்தார். சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமல் நான் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளையை இப்படிக் கொடு கண்ணு, நீ முதலில் சாப்பிடு" என்று கை நீட்டினார். பச்சை நரம்பு ஓடிய அந்தக் கைகளில் அவன் அரை மணி நேரம் அவருடைய வளையலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சிகாகோவை விட்ட பிறகு அதுதான் நான் சாப்பிட்ட முதல் சூடான உணவு.

வந்து சேர்ந்த பிறகு இரவும் பகலும் மாறிக் கிடக்கும். நேர வித்தியாசம் 11½ மணி. முதல் வாரம் நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்து விளையாடினான். அம்மா தினமும் காலை வெயிலில் அவனை மொட்டை மாடிக்கு எடுத்துப்போனார். பகலில் அறையை இருட்டாக்க விடவில்லை. ஒன்பதாம் நாள் இரவு எட்டரைக்குத் தூங்கியவன், விடியற்காலை பால்காரர் மணி அடித்தபோதுதான் கண் விழித்தான்.