அம்பாசிடர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எந்த ஹீட் பெயிண்ட் அடித்தால் உரியாமல் நிற்கும்?

கேள்வியின் சாரம் இது: கும்பகோணத்துப் பக்கம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர். ஆவணியில் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுப்பு) 600 டிகிரி தாங்கும் சில்வர் பெயிண்ட் அடித்தாயிற்று. ஐப்பசி மழைக்குள் அது பொக்குளம் பொக்குளமாக எழும்பி உரிந்துவிட்டது, அடியில் செந்துரு. இன்னும் அதிக டிகிரி தாங்கும் பெயிண்ட் வாங்குவதா, செராமிக் கோட்டிங் போவதா, கண்ணாடி இழைத் துணி சுற்றுவதா?

டிகிரியைக் கூட்டி வாங்கினால் அதுவும் இப்படியேதான் உரியும். சாதாரண ஓட்டத்தில் இந்த 1489 சிசி எஞ்சினின் மேனிஃபோல்டு வெளிப்பரப்பு 300 முதல் 500 டிகிரி வரைதான் போகும். முழு லோடில் நெடுநேரம் மிதித்தால்தான் 600-ஐத் தாண்டும். உரிந்த சில்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் செந்துரு ஒட்டிக்கொண்டு வந்தால், சூடு அந்தப் பெயிண்டைக் கொல்லவில்லை, ஈரம் கொன்றது. சூட்டில் போன பெயிண்ட் வெளுத்து, தேய்த்தால் சாம்பல் மாதிரிப் பொடியாக வரும். காவிரி டெல்டாவில் பெரும்பாலும் பார்ப்பது முதல் வகைதான்.

இன்னொரு சோதனை: உரியாமல் மிச்சம் இருக்கிற இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் வெள்ளி நிறம் ஏறினால் பெயிண்ட் வேகவே இல்லை. இந்த வகைப் பெயிண்ட் சிலிக்கோன் ரெசினில் அலுமினியத் துகள் கலந்தது. ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரமாவது இருந்தால்தான் ரெசின் இறுகும். பிறகு அதிகச் சூட்டில் அதன் கரிமப் பகுதி எரிந்துபோய், மிஞ்சும் சிலிக்காதான் அலுமினியத்தை இரும்போடு பிடித்துவைக்கிறது. ஷெட்டில் நிறுத்தி, வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் ஐட்லிங்கில் (நின்ற இடத்திலேயே எஞ்சின் மட்டும் ஓடுவது) மட்டும் ஓடுகிற வண்டியில் இது நடக்கவே நடக்காது. அதிகம் ஓடும் வண்டியைவிட ஓடாத வண்டியில் பெயிண்ட் சீக்கிரம் போவது இதனால்தான்.

ஆகவே முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், டப்பாவை அப்புறம் பார்க்கலாம். பங்குனி, சித்திரை, வைகாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக் கூடாது, இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொது விதி. மீட்டர் இல்லாவிட்டால் காலை 11 மணியிலிருந்து 3 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஸ்டட்களில் (மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் மரைக் கம்பிகள்) பெனிட்ரேட்டிங் ஆயில் விட்டு வாருங்கள். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது நட்டை முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். பழைய காஸ்கெட்டில் (இரண்டு முகங்களுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதனால் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நனைத்துவிட்டு எடுங்கள்.

பெயிண்டுக்கு முன் விரிசல் பார்ப்பது அவசியம். உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளியே சாக்பீஸ் பொடி பூசி அரை மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு தெரியும். வார்ப்பிரும்பு வெல்டிங் எல்லாப் பட்டறைக்கும் கைவராது. நிக்கல் ராடு, முன்சூடு, ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத தையல், ஒவ்வொரு தையலையும் சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டுவது என்று கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் காற்றில் ஆறவிடக் கூடாது. ரைஸ் மில்லில் கிடைக்கும் உமிச் சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் எடுக்கச் சொல்லுங்கள். இரும்பு உருக்காலைகளிலேயே உருகிய உலோகத்தின் சூடு இறங்காமல் இருக்கத் தூவுகிற பொருள் அது. நம் ஊரில் குவிந்து கிடக்கிறது.

அடுத்து எண்ணெய். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பல வருட எஞ்சின் ஆயில் ஊறியிருக்கும். பெட்ரோலில் கழுவினால் மேலே உள்ளதுதான் போகும். டீகிரீசர் போட்டு வெந்நீரில் கழுவி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் உள்ளே இருப்பது வியர்த்து வெளியே வரும். அதன் பிறகுதான் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை வீசியடித்துத் துருவை எடுப்பது. இந்த வரிசையை மாற்றினால் பிளாஸ்டிங் செய்த முகத்தின் மேல் மறுபடி எண்ணெய் கசியும். காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதாக இருந்தால் அலுமினியப் பாகம் எதையும் கூடப் போடாதீர்கள், தின்றுவிடும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டி என்றால் துருக்குழிகளில் உப்பு இருக்கும். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற ஊரில் அதிலேயே கழுவிப் பயனில்லை. கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

பிளாஸ்டிங்குக்கு 60 முதல் 80 மெஷ் அலுமினியம் ஆக்சைடு. காவிரி மணலைச் சலித்து அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஆற்று மணல் உருண்டு வழுவழுத்தது, பெயிண்ட் பிடிக்கும் சொரசொரப்பைத் தராது. உடைந்து பறக்கும் சிலிக்காத் தூசி அடிப்பவரின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் உண்டாக்கும். வெறும் கம்பி பிரஷும் உப்புத்தாளும் போதும் என்றால், குழிகளுக்குள் துரு மிச்சம் இருக்கும், ஆயுள் பாதிதான்.

பிளாஸ்டிங் முடிந்த இரும்பு சாம்பல் வெள்ளையாக இருக்கும். அதை வெறுங்கையால் தொட்டால் கைரேகை துருவாகப் பதியும். பெயிண்ட் டப்பாவில் நாலு மணி நேரத்துக்குள் அடிக்கலாம் என்று போட்டிருக்கலாம், நம் காற்றுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. மஞ்சள் தட்டினால் திரும்ப பிளாஸ்டிங்தான். பிளாஸ்டிங் ஓர் ஊரில், பெயிண்ட் வேறோர் ஊரில் என்று வைத்துக்கொண்டு மேனிஃபோல்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப்போவது வீண் வேலை.

பிரைமர் கிடையாது. ரெட் ஆக்சைடு கருகிப் பெயிண்டையும் தூக்கிவிடும். துத்தநாகம் கலந்த பிரைமரும் ஆகாது, துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். இரும்பை 40 டிகிரி அளவுக்கு இளஞ்சூடாக்கி, காஸ்கெட் உட்காரும் முகத்தையும் மரைகளையும் டேப் ஒட்டி மறைத்து, மெல்லிய இரண்டு கோட் அடியுங்கள். ஒரு கோட் காய்ந்தபின் 20 முதல் 25 மைக்ரான் தடிமன் போதும். இங்கேதான் கை நீளும்: பளபளவென்று தெரிய மூன்றாவது, நாலாவது கோட் போடுவார்கள். தடித்த படலத்துக்குள் சிக்கிய தின்னர் சூடேறியதும் கொப்புளமாகக் கிளம்பும்.

வாங்கும்போது ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 13183 தரம், கிரேடு 1 என்று பாருங்கள், அதுதான் 600 டிகிரிக்கானது. கிரேடு 2 என்றால் 400, கிரேடு 3 என்றால் 200 மட்டுமே. மூன்றும் டப்பாவில் ஒரே வெள்ளிதான்.

சுடுவதற்கு அன்றைக்கே ஏற்பாடு வேண்டும். பீரோ, கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறை அடுப்பு 200 டிகிரி வரை போகும். 120 டிகிரியில் அரை மணி, அரை மணி ஆறவிட்டு, 200 டிகிரியில் ஒரு மணி. அடுப்பை மட்டும்தான் கேட்கிறோம். பவுடரையே அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம், அது மேனிஃபோல்டில் ஒரு நாள் தாங்காது. வீட்டு அடுப்பு எதிலும் இதை வைக்காதீர்கள், புகை நல்லதல்ல. மிச்சச் சூட்டை வண்டியிலேயே கொடுக்கலாம்: 10 நிமிடம் ஐட்லிங், 20 நிமிடம் ஆறவிடுதல், 20 நிமிடம் ஐட்லிங், மறுபடி 20 நிமிடம் ஆறவிடுதல், பிறகு அரை மணி நேரம் சாலையில் ஓட்டம். முதல் ஓட்டத்தில் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் கன்னை நம்பாதீர்கள். பளபளப்பான வெள்ளிப் பரப்பில் அது குறைத்துக் காட்டும். பரப்பைத் தொட்டு அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் சரியாகச் சொல்லும்.

மாட்டும் முன் இன்லெட் மேனிஃபோல்டையும் (காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் போகும் குழாய்) எக்ஸாஸ்டையும் சேர்த்து போல்ட் போட்டு, ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து முகம் பாருங்கள். 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால், இரண்டையும் சேர்த்தே லேத் பட்டறையில் முகத்தைச் சீவிச் சமன் செய்ய வேண்டும். தனித்தனியாக எடுத்தால் ஒன்று உட்காரும், மற்றது ஊதும். அந்தக் கசிவு வாயு பக்கத்துப் பெயிண்டை ஊதுகுழல் மாதிரி எரித்துவிடும். புது காஸ்கெட், பித்தளை நட்டு, தடித்த வாஷர், சுமார் 15 அடி-பவுண்டு முறுக்கு. இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறியபின் மறுபடி பாருங்கள். பித்தளை நட்டு கிடைக்காவிட்டால், பித்தளைக்குப் பேர்போன கும்பகோணத்தில் கடைந்து வாங்குவது கஷ்டமில்லை. ஆனால் அங்குல மரை என்று சொல்லிக் கொடுங்கள்.

செராமிக் மெல்லிய கோட்டிங் இதைவிட நன்றாக நிற்கும், சந்தேகமில்லை. அதற்கும் மேலே சொன்ன அத்தனை தயாரிப்பும் வேண்டும். பழைய ஜாகுவார்களில் வரும் கண்ணாடி எனாமல் பார்க்க அழகு, ஆனால் மிக அதிகச் சூட்டில் சுட வேண்டும், அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். துணி சுற்றுவது இந்த ஊருக்கு ஆகவே ஆகாது. மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, ஓடாத நாட்களில் இரும்பையும் ஸ்டட்டையும் மறைவாகத் தின்னும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெயிண்ட் மறுபடி வெளுக்கிறதா? அது பெயிண்ட் குறையல்ல. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கும், அல்லது கார்புரேட்டர் அடியில் காற்று கசிந்து கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கும். இரண்டும் எக்ஸாஸ்ட் சூட்டைக் கூட்டும்.

அறுவடைக் காலத்தில் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். எலி வைக்கோல் கொண்டுவந்து கூடு கட்டுவது பெரும்பாலும் மேனிஃபோல்டின் மேல்தான்.