தட்டு மடியில், போன் பிள்ளை கையில்: நேரம் வகுப்பது எப்படி?

கேள்வி: முக்கூடல் பக்கம் கிராமம். வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறேன். மூத்தவளுக்கு 8 வயது, இளையவனுக்கு 3. நான் தட்டை மடியில் எடுத்தால் அவனுக்குப் போன் வேண்டும். சோறு ஊட்டவும் வேண்டும். பிடுங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். அவங்க அப்பா துபாயில் இருந்து டூட்டி முடிந்து ஒன்பதரைக்கு வீடியோவில் வருவார். பிள்ளைகள் தூங்கப் பதினொன்று ஆகிறது. எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

மருத்துவர் பதில்: 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உச்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூத்தவளுக்கு 2 மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். போன், டிவி இரண்டும் சேர்ந்த கணக்கு இது. ஆச்சி சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் இதில் சேரும். அப்பாவோடு முகம் பார்த்துப் பேசுவது சேராது.

நேரம் வகுக்கும்போது தூக்கத்தில் இருந்து பின்னோக்கி வாருங்கள். 8 வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்; 3 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. காலை ஆறரைக்கு எழ வேண்டுமானால் ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும், அதற்கு எட்டு மணிக்கே திரை எல்லாம் அணைய வேண்டும். கண்ணில் விழும் வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. படுத்தும் புரண்டுகொண்டே கிடப்பது அதனால்தான். அப்பாவின் அழைப்பைக் காலைக்கு மாற்றுங்கள். இங்கே ஏழரை என்றால் துபாயில் ஆறு. டூட்டிக்குக் கிளம்பும் முன் அவரும் பேசிவிடலாம். இரவில் போன் அடுக்களையில் சார்ஜ் ஏறட்டும், பாயருகே வேண்டாம்.

இளையவனைக் காலையில் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். உங்கள் வேலையில் பாதி அந்த நேரத்தில் நடந்துவிடும், போன் கேட்க ஆளும் இருக்காது. பீடித்தூள் பறக்கும் இடத்தில் அவன் விளையாடாமல் இருப்பதும் நல்லது. (ஊட்டும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.) மத்தியானம் கட்டுக் கட்டும் அவசரத்தில் ஒரு கால் மணி நேரம் டிவி போடலாம். போனைவிட டிவி தேவலை: தூரத்தில் இருக்கிறது, அவனால் தள்ளித் தள்ளி மாற்ற முடியாது. மாலை நாலரையில் இருந்து ஆறு வரை இருவரும் தெருவில், வெயில் தாழ்ந்த வெளிச்சத்தில் விளையாடட்டும். வெளிவெளிச்சத்தில் தினம் இரண்டு மணி நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. மீதி அரை மணியைப் பள்ளி மைதானம் ஈடுகட்டும். ஆறுக்கு வீட்டுப்பாடம். அது வாட்ஸ்அப்பில் வந்தால் நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள், அவள் நோட்டில் எழுதட்டும். ஆறரையில் இருந்து ஏழேகால் வரை இருவரும் சேர்ந்து டிவி. ஏழரைக்குச் சாப்பாடு, திரை இல்லாமல். ஆச்சிக்கு விட்டுப்போன சீரியலைப் பகலில் போட்டுக் கொடுங்கள். அவர் பார்க்கும்போது பிள்ளையை மட்டும் கண்ணை மூடச் சொன்னால் நடக்காது.

போன் பார்த்தபடி உண்ணும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. வாயில் சோற்றை ஒதுக்கி வைத்துக்கொள்வதும் அதனால்தான். தட்டை அவன் முன் வைத்து, கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். அரை மணி நேரம் ஆனதும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாக உண்பான், பயப்பட வேண்டாம்.

அழுகை முதல் வாரத்தில் கூடும். பலரும் தோற்பது இங்கேதான். பத்து நிமிடம் பொறுத்து, பதினோராவது நிமிடம் போனைக் கொடுத்தால், பதினொரு நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். நாளைக்கு இருபது நிமிடம் அழுவான். ஆகவே தொடங்கும் முன் ஆச்சியிடமும் பேசி ஒத்துக்கொள்ள வையுங்கள். மூன்று வயதுக்கு ‘அஞ்சு நிமிஷம்’ புரியாது. ‘இந்தப் பாட்டு முடிந்ததும் நீயே அணைக்கணும்’ என்று முன்கூட்டியே சொல்லி, ரிமோட்டை அவன் கையில் கொடுங்கள். அணைத்த உடனே செய்ய ஒன்று தயாராக இருக்கட்டும்: ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு டம்ளரும், அல்லது செப்புச் சாமான். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டு முடியவே முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? ‘அம்மா தண்ணி தா’ என்பதுபோல மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறானா? இல்லையென்றால் போனைக் குறைத்ததும் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.