பின்தொடர்வோரா, முகவரிப் பட்டியலா?

கேள்வி: நான் ஓவியம் வரைகிறேன், சிறுகதையும் எழுதுகிறேன். சமூக ஊடகத்தில் பல ஆயிரம் பேர் பின்தொடர்ந்தும், புதிய படைப்பு மிகச் சிலரையே சென்றடைகிறது. அதை விட்டுவிட்டு மின்னஞ்சல் மடலுக்கு முழுமையாக மாறிவிடலாமா?

பதில்: மாறலாம், ஆனால் பழைய கணக்கை இன்றே மூடிவிடாதீர்கள். பதிவுகளைக் கால வரிசையில் காட்டிவந்த இன்ஸ்டாகிராம், யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து அடுக்கும் முறைக்கு 2016ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. இத்தகைய முறையில், பின்தொடர்வோர் எண்ணிக்கை என்பது வெறும் எண்தான். மடலின் வலிமையோ, வாசகர்களின் முகவரிப் பட்டியல் உங்கள் கையில் இருப்பதே. 2017இல் தொடங்கப்பட்ட சப்ஸ்டாக் என்னும் மடல் தளத்திலிருந்து அப்பட்டியலைத் தரவிறக்கிக்கொண்டு வேறு தளத்துக்குச் செல்லலாம். சமூக ஊடகத்தில் பின்தொடர்வோரை அவ்வாறு உடன் அழைத்துச் செல்ல இயலாது. சப்ஸ்டாக்கில் இலவச மடலுக்குக் கட்டணம் இல்லை. சந்தா பெற்றால் அதில் 10 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றச் செலவு தனி. கோஸ்ட் என்னும் மற்றொரு மடல் தளம் சந்தாவில் பங்கு கேட்பதில்லை. ஆனால் மாதக் கட்டணமோ சொந்தச் சேவையகமோ தேவைப்படும்.

புதிய வாசகர்கள் மடலைத் தாமாகவே தேடி வருவது அரிது என்பதால், சமூக ஊடகத்தில் படைப்பின் ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டு, மீதியைப் படிக்க மடலுக்கு அழைப்பு விடுங்கள். சப்ஸ்டாக்கும் 2023இல் நோட்ஸ் என்னும், சமூக ஊடகம் போன்ற பதிவோடையைச் சேர்த்துக்கொண்டது (விட்டு வந்த பழக்கம் வாசலிலேயே நிற்கிறது!). விருப்பக்குறிகளை எண்ணுவதைக் கைவிட எண்ணினால், அந்தப் பக்கம் போகாமலிருப்பது நலம்.