மூன்றாம் பேஸில் அந்த இரண்டடி

அன்புள்ள சார்,

வேலை நிமித்தமாக டொராண்டோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் இருக்கிறேன். ஊரில் கிரிக்கெட் தவிர வேறெதையும் பார்த்தவனில்லை. 2025 அக்டோபரில் ஆபீஸே டொராண்டோவின் பேஸ்பால் அணியான புளூ ஜேஸ் சட்டையில் திரிந்ததால் நானும் உட்கார்ந்து பார்த்தேன். கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் தோற்றதும் இரண்டு நாள் துக்கம் இருக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இன்றுவரை சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான். மூன்றாம் பேஸில், அதாவது ஓடிக் கடக்க வேண்டிய மூன்றாவது முனையில் நின்ற புளூ ஜேஸ் ஆள் கைனர்-ஃபலெஃபா ஏன் ரன் கிடைக்கும் ஹோம் பக்கமாக இன்னும் இரண்டடி தள்ளி நிற்கவில்லை என்று ஒருவர் எழுந்து நின்று காலை அகட்டிக் காட்டுகிறார். இன்னொருவர் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார். நம்மூரில் மேட்ச் தோற்றால் கேப்டனைத் திட்டுவோம், உன் ஆளா என் ஆளா என்று மல்லுக்கு நிற்போம், அடுத்த தொடர் வந்ததும் மறந்துவிடுவோம். நீங்கள் பேஸ்பால் விடாமல் பார்ப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். வருடத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிற ஒரு விளையாட்டில் இரண்டடிக்கு இத்தனை பேச்சா? இது என்ன பித்து?

கே., மிசிசாகா

அன்புள்ள கே.,

உங்கள் ஆபீஸ் மேசையில் ஒரு நாற்காலி காலியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த இரண்டடி எங்கிருந்து வந்தது என்று அவர்கள் உங்களுக்குச் சொன்னார்களா? அது முந்தைய நாள் ராத்திரியிலிருந்து வந்தது. அதை விட்டுவிட்டுப் பேசினால் இந்தப் பேச்சு பித்தாகத்தான் தெரியும்.

அக்டோபர் 31, ஆறாவது ஆட்டம். தொடரில் டொராண்டோ 3-2 என்று முன்னால் இருக்கிறது. அன்று ஜெயித்தால் 1993க்குப் பிறகு முதல் கோப்பை. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 1-3 என்று பின்தங்கி, முதல் பேஸில் ஓர் ஆளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ஜர் ஓங்கி அடித்த பந்து மைதானத்தின் கடைசிவரை போய், சுவர் மெத்தையின் அடியில் செருகிக்கொண்டது. எதிரணியான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் ஃபீல்டர் ஜஸ்டின் டீன் பந்தைத் தொடவே இல்லை, இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். அவர் எடுத்து எறிந்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும், ஒரு ரன்னாவது வந்திருக்கும். செருகிக்கொண்டால் விதிப்படி இரண்டு பேஸோடு சரி. ஆக, இரண்டாம் பேஸில் பார்ஜர், மூன்றாம் பேஸில் இன்னொருவர். அவுட் எதுவும் இல்லை. பந்து வீச டாட்ஜர்ஸின் பிட்ச்சர் கிளாஸ்னோ வந்தார். மூன்றே பந்து போட்டார். முதல் பந்திலேயே கிளெமென்ட் தூக்கி அடித்து அவுட். அடுத்து கிமெனெஸ் அடித்தது இடது பக்கம் தாழப் பறந்தது. விழுந்துவிடும் என்று நம்பி பார்ஜர் பேஸை விட்டு விலகினார். கீகே ஹெர்னாண்டஸ் பாய்ந்து வந்து பிடித்து, நிற்காமல் இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பார்ஜர் திரும்புவதற்குள் பந்து வந்துவிட்டது. அந்த ஒரே பந்தில் இரண்டு அவுட், மொத்தம் மூன்று. மூன்று அவுட்டோடு இன்னிங்ஸ் முடியும், ஆட்டமும் முடிந்தது.

மறுநாள் ஏழாவது ஆட்டம். டொராண்டோ வெகுநேரம் முன்னிலையில் இருந்து, ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன்னால் 4-4 ஆயிற்று. அதே இன்னிங்ஸின் பிற்பாதியில் ஒரே ஓர் அவுட்டோடு மூன்று பேஸிலும் புளூ ஜேஸ் ஆட்கள். ஒரு ரன் வந்தால் கோப்பை. மூன்றாம் பேஸில் கைனர்-ஃபலெஃபா. பேஸை ஒட்டியே நில், பந்து நேராக யார் கைக்காவது போனால் மாட்டிக்கொள்ளாதே என்பது தனக்கு வந்த உத்தரவு என்று அவரே பிறகு சொன்னார். ஒரு நாளைக்கு முன்னால்தான் அப்படி மாட்டி ஓர் ஆட்டமே போயிருக்கிறது, வேறு எதைச் சொல்வார்கள்?

வார்ஷோ தரையோடு அடித்தார். இரண்டாம் பேஸ் பக்கம் நின்ற ரோஹாஸ் பந்தை எடுக்கையில் தடுமாறி, விழாமல் சமாளித்து ஹோமுக்கு எறிந்தார். பேஸ்கள் நிறைந்திருந்ததால் கேட்ச்சர் வில் ஸ்மித் ஓடிவருகிறவரைத் தொட வேண்டியதில்லை, பந்தைப் பிடித்துக்கொண்டு ஹோம் பிளேட்டில் கால் வைத்திருந்தால் போதும். அந்தக் கால்தான் பிளேட்டிலிருந்து ஒரு கணம் எழும்பியது. கைனர்-ஃபலெஃபா சறுக்கி வருவதற்கு ஒரு நூலிழை முன்னால் திரும்பப் பதிந்தது. ரீப்ளேயில் பார்த்தும் அவுட்தான். ஸ்கோர் அட்டை எழுதுகிறவர்கள் இதை 4-2 என்று இரண்டு எண்ணில் குறித்துவிடுவார்கள். நாலாம் எண் இடத்தில் நிற்கிற ரோஹாஸிடமிருந்து இரண்டாம் எண் இடத்து ஸ்மித்துக்கு, அவ்வளவுதான். தடுமாறிய காலும் எழும்பிய காலும் அட்டையில் ஏறாது. அதற்குத்தான் சாப்பாட்டு மேசை.

நாம் இப்படிப் பேசுவதில்லை என்கிறீர்கள். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் கப்டில் எறிந்ததில் தோனி ரன் அவுட் ஆனாரே, அதைப் பற்றி சென்னையில் யாரும் பேசவில்லையா? நம் பேச்சு சீக்கிரம் ஆளிடம் போய்விடுகிறது என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். பேஸ்பால் ரசிகரின் பேச்சு சம்பவத்தை விட்டு அவ்வளவு சுலபமாக நகராது. ஒவ்வொரு பந்துக்கும் இடையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. யார் எங்கே நிற்கிறார், எத்தனை அவுட், எத்தனை ஸ்ட்ரைக் என்று எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த நிலையில்தான் அடுத்த பந்து வரும். ‘இந்த இடத்தில் நீ என்ன செய்வாய்?’ என்ற கேள்வியை ஆட்டமே கேட்டுக்கொண்டிருக்கும்போது பார்க்கிறவன் எப்படிச் சும்மா இருப்பான்?

162 ஆட்டத்துக்கும் இதில் பங்குண்டு. 2025 சீசனில் டொராண்டோ 94 ஜெயித்தது, 68 தோற்றது. மிக நல்ல அணி. அந்த நல்ல அணியின் ரசிகர் 68 முறை தோற்றுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கேப்டனைத் திட்டி மாளுமா? எந்த இடத்தில் போயிற்று என்று பார்க்கப் பழகிக்கொள்கிறார்.

எப்போதும் இப்படி நியாயமாகவே பேசினார்கள் என்று சொல்ல வரவில்லை. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் அணியின் பில் பக்னர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டார், நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. பக்னர் கோப்பையைத் தொலைத்தார் என்று ஊரே பேசியது, வருடக்கணக்காகப் பேசியது. அந்தப் பந்து அவரிடம் வருவதற்கு முன்பே பாஸ்டன் முன்னிலையை இழந்திருந்தது, ஸ்கோர் சமமாகிவிட்டது. ஏழாவது ஆட்டம் வேறு பாக்கி இருந்தது, அதிலும் தோற்றார்கள். 2008இல் அவர் பாஸ்டன் மைதானத்துக்கு வந்து சம்பிரதாயமாக முதல் பந்தை வீசியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நடுவில் 22 வருடம்! சோம்பேறித்தனமான பேச்சு ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் மேசையில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாரே, அவரை நான் மதிக்கிறேன். கைனர்-ஃபலெஃபாமேல் முழுப்பழியும் விழாமல் காப்பாற்றுவது அந்த மாதிரி ஆட்கள்தான். அவர் ஏன் அங்கே நின்றார் என்பதற்கு பார்ஜர் வருகிறார், பார்ஜருக்கு முன்னால் சுவரில் செருகிய பந்து வருகிறது. பழி போட ஓர் ஆள் அகப்படவே மாட்டார்.

இந்தப் பேச்சில் புதிதாக இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. ஒன்று எனக்குப் பிடித்தது. 2026 சீசனிலிருந்து பந்து அடிக்கத் தக்க இடத்தில் வந்ததா (ஸ்ட்ரைக்), இல்லையா (பால்) என்ற அம்பயரின் தீர்ப்பை மறுத்துக் கேமராவிடம் முறையிடலாம். அணிக்கு இரண்டு வாய்ப்பு, மறுத்தது சரியென்றால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்ச்சர், கேட்ச்சர் மூவரில் ஒருவர்தான் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கிற பயிற்சியாளருக்கு வேலை இல்லை. அம்பயரைத் திட்டுவது இதோடு ஒழியும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எந்தப் பந்துக்காக அவன் தலையைத் தட்டினான், ஏன் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வாய்ப்பைத் தொலைத்தான் என்று இனி ஆரம்பித்துவிடுவார்கள், பாருங்கள். நம் டிஆர்எஸ் சண்டையைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை.

இன்னொன்று பிடிக்கவில்லை. ஒரே ஒரு பந்தின்மேல் பணம் கட்டும் சூதாட்டம். கிளீவ்லாந்து அணியின் இரண்டு பிட்ச்சர்கள் வேண்டுமென்றே சில பந்துகளைத் தவறாகப் போட்டுச் சூதாடிகளுக்கு உதவினார்கள் என்று 2025 நவம்பரில் நியூயார்க்கில் குற்றம் சாட்டப்பட்டது. இருவரும் மறுத்திருக்கிறார்கள், தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். அதையொட்டிச் சூதாட்ட நிறுவனங்கள் ஒரு பந்துக்கான பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வைத்தன. நான் கவலைப்படுவது மேசைப் பேச்சைப் பற்றி. பிட்ச்சர் ஒரு பந்தைத் தரையில் குத்தினால் ‘கை வழுக்கியிருக்கும்’, ‘பேட்டரை ஏமாற்றப் பார்த்தான்’ என்றெல்லாம் பேசுவதுதான் இந்த ஆட்டத்தின் சுகம். ‘எவன் காசு கொடுத்தான்?’ என்று யாராவது கேட்டுவிட்டால் அதற்குமேல் அந்தப் பந்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

டாட்ஜர்ஸிடம் பணம் கொட்டிக்கிடக்கிறது, ஒஹ்தானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியைப் பிற்பாடு தருவதாக எழுதியிருக்கிறார்கள், இதெல்லாம் ஒரு நியாயமா என்றும் அந்த மேசையில் யாராவது ஆரம்பிப்பார்கள். அது தோற்றவர்களின் புலம்பல், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அதைவிட நீங்களே ஒன்றைக் கிளப்பிவிடுங்கள். அதே ஏழாவது ஆட்டம், சமமாக இருந்ததால் நீண்டுபோன பதினொன்றாவது இன்னிங்ஸ், டொராண்டோ 4-5 என்று பின்தங்கியிருக்கிறது. கெரேரோ டபுள் அடித்து இரண்டாம் பேஸில் நிற்கிறார், அவுட் இல்லை. அடுத்து ஆட வந்தவர் அதே கைனர்-ஃபலெஃபா. அது உண்மையில் பிஷெட்டின் இடம். அன்று மூன்றாவது இன்னிங்ஸில் ஒஹ்தானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தவர் பிஷெட். முழங்கால் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவருக்குப் பதிலாக ஓட வந்தவர்தான் கைனர்-ஃபலெஃபா. இப்போது மட்டையைக் கிடையாகப் பிடித்துப் பந்தை மெல்லத் தட்டிவிட்டார், இதைத்தான் பன்ட் என்பார்கள். கெரேரோ மூன்றாம் பேஸுக்குப் போனார், பதிலுக்கு ஓர் அவுட் போயிற்று. பார்ஜருக்கு நாலு பால் விழுந்து முதல் பேஸ் கிடைத்தது. அடுத்து கர்க் அடித்ததில் டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு அவுட், தொடர் முடிந்தது. அந்த பன்ட் சரியா தப்பா? எண்களை வைத்துப் பேசுகிறவர்கள் ஓர் அவுட்டைச் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள் என்பார்கள். ஒரு ரன் மட்டும் வேண்டிய இடத்தில், ஹோம் ரன் அடிக்கிற ஆள் கையில் மட்டை இல்லாதபோது, நான் பன்ட் பக்கம். உங்கள் மேசை என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.