திகில் வீடியோ கேம் தொடர்களில் பாதியில் கைவிடப்பட்ட யோசனைகளில் உங்களால் மறக்க முடியாதது எது?

ரெசிடென்ட் ஈவில் இரண்டாம் பாகத்தின் முதல் வடிவம்தான். ரசிகர்கள் அதை '1.5' என்பார்கள். ஜப்பானின் காப்காம் நிறுவனம் அதை 60 முதல் 80 சதவீதம் வரை முடித்திருந்தது. அந்த நிலையில் அதைத் தூரப் போட்டுவிட்டு, கதை, கட்டடம் எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். 1998 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகம் அப்படிப் பிறந்ததுதான்.

அந்த இரண்டாம் பாகத்தை நான் ஆடியது நாகர்கோவில் வடசேரியில், ஒரு மாடியில் இருந்த கேம் கடையில். அப்போது பத்தாம் வகுப்பு. மணிக்கு 20 ரூபாய். நான் ஆட, கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து ரஃப் நோட்டில் மேப் வரைந்துகொண்டிருப்பான். "மக்கா, அந்தக் கதவ திறக்காத, திறக்காத" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பான். அந்த விளையாட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், கருப்புத் திரையில் ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். டிஸ்க்கிலிருந்து அடுத்த அறை லோடாகும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடு அது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுக்கு அந்தச் சில நொடிகளில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சரி, 1.5க்கு வருகிறேன். அதில் லியோன் என்ற இளம் போலீஸ்காரன் இருந்தான். கூடவே எல்சா வாக்கர் என்று ஒரு கல்லூரி மாணவி, மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவள். இருவர் கதையும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக ஓடும். கதை நடக்கும் போலீஸ் ஸ்டேஷன் இந்தக் காலத்து அலுவலகம் மாதிரி இருந்தது: நேரான வராந்தாக்கள், மேஜைகள், ஷட்டர்கள். தயாரிப்பாளர் ஷின்ஜி மிக்காமிக்கு ஆட்டமும் பிடிக்கவில்லை, இடங்களும் பிடிக்கவில்லை. சலிப்பாக இருக்கிறது என்று முடிவு செய்தார். இயக்குநர் ஹிடெகி கமியாவுக்கு அது இயக்குநராக முதல் படைப்பு. அத்தனை மாத உழைப்பு கண் முன்னால் போவதை அவர் எப்படித் தாங்கியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

புது வடிவத்தில் அந்த ஸ்டேஷன், முன்பு அருங்காட்சியகமாக இருந்த பழைய கட்டடமாக மாறியது. நுழைந்ததும் உயரமான கூடம், நடுவில் ஒரு சிலை, தள்ளி வைக்க வேண்டிய சிற்பங்கள், பூட்டுக்குள் பூட்டு. போலீஸ் ஸ்டேஷனில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், முன்பு அது அருங்காட்சியகம் என்ற ஒரே வரியில் பதில் கிடைத்துவிடுகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரள அரசு. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும். ஆள் குனிந்து ஏற வேண்டிய செங்குத்தான மரப்படிகள், முகம் தெரிகிற மாதிரி மின்னும் கருப்புத் தரை, மர அழிகளின் வழியாகக் கோடு கோடாக விழும் வெளிச்சம். நல்ல வெயில் நேரத்தில், நாற்பது பிள்ளைகளோடு வரிசையில் போனாலும், ஒரு திருப்பத்தில் தனியாக நின்றுவிட்டால் உடம்பு சிலிர்க்கும். அங்கே பயமுறுத்த யாருமே இல்லை, இடம் மட்டும்தான் இருக்கிறது. டியூப்லைட் போட்ட ஒரு அலுவலக வராந்தாவில் எத்தனை ஜோம்பிகளை, அதாவது எழுந்து நடக்கும் பிணங்களை, நிறுத்தினாலும் அந்தச் சிலிர்ப்பு வராது.

உண்மையிலேயே நிறைய நிறுத்தித்தான் பார்த்திருக்கிறார்கள். 1.5இல் ஒரே திரையில் கூட்டமாக ஜோம்பிகள் வர வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு ஜோம்பியையும் குறைவான பாலிகன்களில் செய்தார்கள். பாலிகன் என்பது உருவத்தைக் கட்டும் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகள். பழைய பிளேஸ்டேஷன் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் வரையும் என்று ஒரு வரம்பு உண்டு. அதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஒருத்தர் முகமும் உருப்படியாக இருக்காது. 2013இல் இந்த வடிவத்தின் ஒரு பதிப்பு இணையத்தில் கசிந்தது. வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். கூட்டம் இருந்தது. எந்த முகமும் மனதில் நிற்கவில்லை. வெளிவந்த விளையாட்டிலோ, ஒரு குறுகிய வராந்தாவில் எதிரே வரும் ஒரேயொரு ஜோம்பிக்காக மூன்று குண்டை வைத்துக்கொண்டு தவித்திருக்கிறேன்.

கதையை மீட்டது நோபோரு சுகிமுரா. ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியவர். மேற்பார்வையில் இருந்த யோஷிகி ஒகமோட்டோ அவரிடம் முதலில் சும்மா யோசனைதான் கேட்டிருக்கிறார். மிக்காமிக்கு இரண்டாம் பாகத்தோடு தொடரை முடித்துவிடும் எண்ணம் இருந்தது. அப்படிச் செய்தால் அடுத்து கதை போக வழி இருக்காது என்று ஒகமோட்டோ கவலைப்பட்டார். எல்சாவை எடுத்துவிட்டு, முதல் பாகத்துக் கிறிஸ் ரெட்ஃபீல்டின் தங்கை கிளேரை வைத்தார்கள். அண்ணனைத் தேடி வருகிற தங்கை. அந்த ஒரு உறவு வந்ததும் இரண்டு கதையும் கட்டுண்டுவிட்டன. எல்சா என்ற பெண் எங்கேயும் போகவில்லை என்றும் எனக்குத் தோன்றும். பைக்கில் ஊருக்குள் நுழையும் பெண் என்ற அந்தத் தோற்றம் கிளேரிடம் அப்படியே இருக்கிறது.

நான்காம் பாகத்திலும் இதே மாதிரிதான், இன்னும் பல தடவை. அதையும் கமியாதான் தொடங்கினார். அவருடைய குழு இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போய்ப் பழைய சிலைகளையும் கற்சுவர்களையும் படம் எடுத்து வந்தது. ஆனால் ஆட்டம் திகிலை விட்டு விலகிச் சண்டைப் பக்கம் போய்விட்டது. மிக்காமி அதைத் தனி விளையாட்டாக்கச் சொன்னார். 2001இல் வந்த டெவில் மே க்ரை அதுதான். பிறகு ஒரு வடிவத்தை 2003இல் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் காட்டினார்கள். லியோன் ஒரு வீட்டுக்குள் மாயக்காட்சிகளில் மாட்டிக்கொள்வான். பொம்மைகள் எழுந்து வரும், கையில் கொக்கியோடு ஒரு உருவம் துரத்தும். செய்து முடிக்கச் செலவு தாங்காது என்று அதுவும் போனது. ஆனால் துப்பாக்கியைக் குறிபார்க்கும்போது லியோனின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கும் கேமரா அதில் இருந்தது. 2005இல் வெளியான நான்காம் பாகத்தை எல்லோரும் பின்பற்றியதே அந்தக் கேமராவுக்காகத்தான்.

இதை இவ்வளவு எழுத ஒரு காரணம் உண்டு. நானும் குலசேகரத்து நண்பர்கள் இருவரும் வேலை முடிந்த இரவுகளில் ஒரு சின்னத் திகில் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். பழைய ஓட்டு வீடு, மச்சு, பத்தாயம், கிணற்றடி. முதல் வடிவத்தில் யட்சி ஒருத்தி வீடு முழுக்கத் துரத்துவாள். எட்டு மாதம் அதைச் செய்தோம். பெரியம்மா மகளிடம் ஆடக் கொடுத்தோம். அரைமணி நேரம் ஆடிவிட்டு, "அண்ணே, அவ எப்பவும் வந்துட்டே இருக்கா. பயமே வரல்ல" என்றாள். அன்று இரவு எங்களுக்குள் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து, யட்சியின் நடை, முகம், துரத்தும் முறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இப்போது வீடு மட்டும் இருக்கிறது. அவள் வருவாளா என்பதே ஆடுகிறவருக்குக் கடைசி வரை தெரியாது.

பழைய வடிவத்திலிருந்து ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டோம். இடவப்பாதி மழையின்போது பெரியம்மா வீட்டு மச்சில் பதிவு செய்த, ஓட்டில் மழை விழும் சத்தம். யட்சி வரும்போது பின்னணியில் ஓடவென்று எடுத்தது அது. இப்போது மழை சட்டென்று நிற்கிற இடத்தில்தான் தங்கை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுகிறாள்.