மச்சானுக்கு ஒரு வாட்ச், எனக்கு ஒரு வாட்ச்: கார்டில் போடலாமா?

கேள்வி: ஐயா, வயது 36. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கைக்கு வருவது 42,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 64,000 நிலுவை. மாதாமாதம் மினிமம் டியூ 6,100 தவறாமல் கட்டியும் அது குறைய மாட்டேன் என்கிறது. அந்த 6,100-ல் மனைவியின் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த போனின் தவணை 2,500-ம் அடக்கம். இன்னும் ஐந்து தவணை பாக்கி. முதல் மூன்று மாதம் ஜிபே செய்தான், அப்புறம் நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு ஸ்மார்ட் வாட்ச் வேண்டுமாம். 36,000 ரூபாய், 12 மாதம் நோ காஸ்ட் இஎம்ஐ. "நீங்களும் ஒண்ணு எடுங்க மாமா, பிபி, சுகர் எல்லாம் காட்டும்" என்கிறான். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, எனக்கும் வந்துவிடுமோ என்று பயம். வேலையிடத்தில் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் வாட்ச் எனக்கும் உபயோகப்படும் என்று தோன்றுகிறது. 80,000 ரூபாய் எஃப்டி (7%) ஒன்று அவசரத்துக்கு என்று வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் வீட்டுக் கடன் போடும் எண்ணம் உண்டு. இரண்டு வாட்ச் எடுக்கலாமா, ஒன்று போதுமா?

பதில்: நீங்கள் ஒன்றா இரண்டா என்று கேட்கிறீர்கள். நான் கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்த 6,100-லேயே நின்றுவிட்டேன். முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

மச்சானின் போன் தவணை 2,500 போக மிச்சம் 3,600. 64,000 நிலுவைக்கு மாதம் 3.5% வட்டி என்று வைத்தால் 2,240 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 400 ரூபாய் சொச்சம். ஆக 2,640. அசலில் கழிவது 960 ரூபாய்தான். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பில்லில் பெட்ரோல், மளிகை என்று மாதம் நாலாயிரம் புதிதாக ஏறுகிறது. 960 இறங்கி 4,000 ஏறினால் எப்படிக் குறையும்?

இன்னொன்று. முழு பில்லையும் கட்டுகிறவருக்குத்தான் ஐம்பது நாள் வரை வட்டி கிடையாது. நிலுவை வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். நீங்கள் இன்று தேய்க்கும் பெட்ரோலுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. பங்க்கில் கிடைக்கும் ரிவார்டு பாயின்ட்டுக்காகத்தான் கார்டு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இப்போது நோ காஸ்ட். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஏற்பாடு: வங்கி தன் வட்டியை வாங்கிக்கொள்ளும், கடைக்காரர் அதே அளவு தொகையைத் தள்ளுபடியாகக் கழிப்பார். 36,000 ரூபாய் வாட்ச்சுக்கு 16% வட்டி என்றால், வங்கி உங்கள் பெயரில் எழுதும் கடன் 33,000 சொச்சம், வட்டி 2,900 சொச்சம். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 530 ரூபாயை நீங்கள்தான் கட்ட வேண்டும். பிராசசிங் கட்டணம் 199, அதற்கும் வரி. ஒரு வாட்ச்சுக்கு 760 ரூபாய் போகிறது. இதைக்கூட விட்டுவிடலாம், பெரிய தொகை இல்லை. ஆனால் இரண்டு வாட்ச் எடுத்தால் மாதம் 6,000 கூடி உங்கள் மினிமம் டியூ 12,100 ஆகும். 42,000 சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல். எந்த மாதமாவது அதில் துண்டு விழுந்தால், கட்டாத தவணையும் 3.5% வட்டிக்குள் போய்விடும்.

வாட்ச் சங்கதிக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் தேவை உண்மையானது, அதை நான் கேலி செய்யவில்லை. போன் லாக்கரில் இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனி சிம் வசதி இல்லாத ஸ்மார்ட் வாட்ச், போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைப்பையும் மெசேஜையும் காட்டும். புளூடூத் எட்டுவது சுமார் பத்து மீட்டர், நடுவில் சுவர் வந்தால் அதுவும் குறையும். எட்டு மணி நேரமும் உங்கள் கையில் இருக்கப்போவது மணி காட்டி அடியெண்ணும் ஒரு பொருள். அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட வேண்டும். போன் வேண்டாம் என்கிற நிர்வாகம் அதை உள்ளே விடுமா என்பதையும் வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

சுகர் காட்டும் என்பது இன்னும் மோசம். விரலில் குத்தாமல், தோலில் எதுவும் நுழைக்காமல் சர்க்கரை அளவு சொல்வதாக விற்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை, அவற்றை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வருடம் ஒருமுறை லேபில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள், சில நூறு ரூபாய்தான். ரத்த அழுத்தத்துக்கு மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் கருவி இரண்டாயிரம் சுமாருக்குக் கிடைக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஆகும்.

நான் கட்டியிருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்த மாடல், எடை 21 கிராம், இன்றும் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. ஏழு வருடம் என்று போட்டிருந்த செல் ஏழு வருடமும் ஓடியது, மாற்ற 120 ரூபாய் ஆனது. இதன் விளக்கு ஒரு மின்மினி, இருட்டில் மணி பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். லீப் வருடம் தெரியாது, பிப்ரவரி 28-க்கு அடுத்த நாள் மார்ச் 1 என்று அடம்பிடிக்கும். மணிக்கொரு தரம் 'பீப்' போட்டு, வாடிக்கையாளர் அழுதுகொண்டு கடன் கதை சொல்லும்போது மானத்தை வாங்கியிருக்கிறது. அதை அணைக்கலாம் என்று பேரன் சொல்லித்தான் தெரிந்தது. வலது பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கம்பெனி பெயர் எழுத்தாக வரும், போலியா அசலா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வேலைக்கு அதன் அண்ணன், ஏஇ-1200, பொருத்தமாக இருக்கும். விலை மூவாயிரம் சுமார், செல் பத்து வருடம், நூறு மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் ரகம். ஐந்து அலாரம் வைக்கலாம். ஷிஃப்டுக்கு எழ இரண்டு, அப்பாவின் மாத்திரைக்கு இரண்டு, ஒன்று மிச்சம். ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒரு மெஷினில் ஒரு பீஸ் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது உங்கள் தினசரி வேலை அல்லவா, பொத்தானைத் தட்டினால் கையிலேயே தெரியும், லாக்கருக்கு ஓட வேண்டாம். பின்னோக்கி எண்ணும் டைமர் உண்டு, டீ இடைவேளைக்கு ஆகும். நாடித்துடிப்பு வேண்டுமா? மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 36,000 ரூபாய் வாட்ச் மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி தளர்ந்து மேசைக்குள் போகும், வருடத்துக்குப் பத்தாயிரம் கணக்கு. இது வருடத்துக்கு 300. டைட்டன் தொழிற்சாலை இருக்கும் ஊர்க்காரருக்கு வாட்ச் பற்றி நான் வகுப்பெடுக்கிறேன், மன்னியுங்கள்.

ஆனால் இந்த மூவாயிரத்தையும் கார்டில் போடக் கூடாது. உங்கள் வீட்டில் ஓட்டை வாட்ச்சில் இல்லை. உங்கள் கார்டு இன்னொருவர் கைக்குப் போகிறதே, அங்கே இருக்கிறது. மச்சான் கட்டாமல் விட்ட நாலு தவணை 10,000, இனி வர வேண்டியது 12,500. ஆக 22,500 ரூபாய் பாக்கிக்குக் கையெழுத்து உங்களுடையது. அவன் கட்டாவிட்டால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறப்போவதும் உங்கள் பெயர்தான். வீட்டுக் கடன் அதிகாரி அதைப் பார்த்து, "இது என் மனைவியின் தம்பி சார்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

எஃப்டி 80,000-க்கு 7% என்றால் மாதம் 467 ரூபாய் வருகிறது. அதே மாதம் கார்டுக்கு 2,640 போகிறது. அவசரத்துக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், இதைவிட என்ன அவசரம் வேண்டும்? எஃப்டியை உடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். 64,000-ஐ ஒரே தடவையில் கட்டுங்கள். அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி மிச்சம் வரும், இடைப்பட்ட நாட்களுக்கானது அது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், கட்டிவிடுங்கள். மிச்சம் 16,000 எஃப்டியாகவே இருக்கட்டும். மாதம் மிச்சமாவதை ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போட்டு அதை மறுபடி வளர்க்கலாம். பெட்ரோல், மளிகைக்கு இனி டெபிட் கார்டு. கிரெடிட் கார்டில் அந்தப் போன் தவணை மட்டும் ஓடி முடியட்டும்.

அன்றே கார்டு செயலியில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்திவிடுங்கள். போன் வாங்கியபோது மச்சானின் ஷாப்பிங் கணக்கில் உங்கள் கார்டைச் சேமித்திருப்பான், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அதையும் அவனை உட்கார வைத்துக்கொண்டே நீக்குங்கள். சண்டை வேண்டாம். "மாப்ள, வீட்டு லோனுக்கு அப்ளை பண்றேன், கார்டுல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. போன் பாக்கி மாசம் 2,500 மட்டும் அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுடு" என்றால் போதும். இதில் பொய் எதுவும் இல்லை. மனைவியிடம் முந்தின நாள் இரவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாமியார் வாயால் கேட்க நேரும். பழைய 10,000 வருமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. வந்தால் அதில் உங்கள் வாட்ச்சை வாங்கிக்கொள்ளுங்கள், வராவிட்டால் பணம் சேர்ந்ததும் ரொக்கத்தில் வாங்குங்கள்.

எஃப்டி கிளையில் போட்டதாக இருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிகிற வாரமாகப் பாருங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது.